பூட்டிய வீடும் பூச்சித் தொல்லையும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், அப்பால் டோம்பிவிலி, உல்லாஸ்நகர் வரையிலும் நம்மவர் வீடுகளில் ஊர்ப் பேச்சு தொடங்கிவிட்டது. டிக்கெட் கிடைத்தவர்கள் பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கித் தூசு தட்டுகிறார்கள். கிடைக்காதவர்கள் வெயிட்டிங் லிஸ்ட் எண் குறைந்ததா என்று தினமும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். இது வருஷா வருஷம் நடப்பதுதான்.

ஆனால் சில வருஷங்களாக இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "நான் வரலைப்பா. ஆச்சி வீட்டிலே ஒரே கொசு, பூச்சி. ராத்திரி தூங்கவே முடியாது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தாய்மார்களும் அதை ஆமோதிக்கிறார்கள். "நாலு நாள் போய் டவுனில் லாட்ஜ் போட்டுத் தங்குவோம். கொடைக்கு மட்டும் ஊருக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம்" என்று முடிவாகிறது. அடுத்த வருஷம் அந்த நாலு நாளும் இரண்டு நாளாகிறது. அதற்கடுத்த வருஷம் மகாபலேஷ்வருக்கோ கோவாவுக்கோ போய்விடுகிறார்கள்.

போகட்டும், அவரவர் சௌகரியம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கொசுவுக்கும் பூரானுக்கும் பயந்து ஊரையே விடுவது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது. பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. பூச்சி இருக்கத்தான் செய்கிறது. அது ஏன் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. பதினோரு மாதம் பூட்டு போட்டு வைத்த வீட்டை மே மாதத்தில் ஓர் இரவு திறந்து, பாயைத் தட்டிப் போட்டுப் படுத்துவிட்டு, "ஊரெல்லாம் பூச்சி" என்று சொன்னால் எப்படி? பூட்டியது நாம்தானே?

நம் பெரியவர்கள் காலத்தில் அதே வீட்டில்தான் பத்துப் பேர் படுத்து எழுந்தார்கள். தைப்பொங்கலுக்கு முன் வீடு முழுவதும் காலியாகும். பானை, பாய், பெட்டி எல்லாம் வெயிலுக்கு வரும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெள்ளை தெரியவேண்டும் என்பதற்காக மட்டுமா அடித்தார்கள்? சுவரில் இருக்கும் வெடிப்பும் பொந்தும் அந்தச் சுண்ணாம்பில் அடைபடும். தேளுக்கும் பூரானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் ஒதுங்க இடம் இருக்காது. அடுப்பு எரிந்தது. தினமும் இரண்டு வேளை விளக்குமாறு பட்டது. ஆள் நடமாட்டமே பாதிப் பூச்சியை விரட்டியது.

இன்று என்ன நிலை? பல வீடுகளில் வயதான தாயார் ஒருவர் மட்டும் இருக்கிறார். அவர் புழங்குவது ஒரு அறையும் அடுப்படியும்தான். மற்ற அறைகள் சாத்தியே கிடக்கின்றன. சில வீடுகளில் அவரும் இல்லை. சாவி பக்கத்து வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அரை மூட்டை நெல்லோ, பழைய புளியோ, பருப்போ உள்ளே மறந்து கிடக்கிறது. அதைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடி பாம்பு வருகிறது. கதவு நிலையைக் கரையான் தின்கிறது. பெட்டியில் இருந்த பத்திரத்தையும் கல்யாண போட்டோவையும் அது விட்டுவைப்பதில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கக்கூஸ் பீங்கானின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியிலிருந்து நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் அது வற்றிப் போகும். வழி திறந்துவிடும். குழியில் இருக்கும் கரப்பான் கூட்டம் வீட்டுக்குள் குடியேறிவிடும். நாம் போய் இறங்கியதும் மருந்துக் கடைக்கு ஓடி ஸ்பிரே வாங்கி அடிக்கிறோம். மாதம் ஒருமுறை யாராவது ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். அந்தக் குழியின் காற்றுக் குழாய் உச்சியில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டிவிட்டால் கொசுவும் பாதி குறையும். இதற்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு.

இந்தப் புத்தி எனக்கு முன்பே இருக்கவில்லை. பட்டுத்தான் வந்தது.

அந்த இரவு

சில வருஷங்களுக்கு முன்பு மே மாதத்தில் ஊருக்குப் போனோம். இரண்டு இரவு ரயில் பயணம். அன்று வண்டி தாமதம். ஊர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வீட்டைத் திறந்தால் பல்பு எரியவில்லை. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் நின்றார்கள். பரணில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை இறக்கி, ஒரு உதறு உதறி, அப்படியே விரித்துப் படுக்க வைத்தோம். அரை மணி நேரம் இருக்கும், சின்ன மகள் அலறிக்கொண்டு எழுந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் பாயின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புத் தேள்.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். அவர்கள் அன்பில் குறை சொல்ல மாட்டேன். "சின்னத் தேள்தான், ஒண்ணும் செய்யாது. மந்திரிச்சா சரியாகிப் போகும்" என்றார் ஒரு பெரியவர். மந்திரிக்கும் ஆளைத் தேடி ஒரு பையன் சைக்கிளில் போனான். அதற்குள் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கையும் காலும் ஜில்லிட்டுப் போயின. பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி, நர்ஸ் வேலைக்குப் படித்தவள், "அண்ணாச்சி, நிக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சத்தம் போட்டாள். ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரை மணி நேரம் வீணாகியிருந்தது. அங்கே இருந்த இளம் டாக்டர் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஒரு மாத்திரை கொடுத்தார். குழந்தையை எழுந்து உட்கார விடாமல் படுக்க வைத்து, விடியும்வரை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் மாலை பிள்ளை இட்லி கேட்டது.

அந்த மாத்திரையின் கதையை மும்பைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது நாம் பிழைக்க வந்த இந்த மாநிலத்தில் பிறந்த வைத்தியம். மும்பையிலிருந்து கோவா போகும் சாலையில், ராய்கட் மாவட்டத்தில் மகாட் என்ற ஊர் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். தேள் கொட்டியவர்கள் இதயமும் நுரையீரலும் பழுதாகி இறப்பதை நேரில் பார்த்தார். இரவு பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். 1982-இல் அவர் எழுதியது இங்கிலாந்தின் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்டு வந்த பிராசோசின் என்ற மலிவான மாத்திரை இதற்கு உதவும் என்று அவர் கண்டார். கடுமையாக விஷம் ஏறியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இறந்த நிலை மாறி, அது ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு கிராமத்து டாக்டர், பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமல் சாதித்தது இது. மாத்திரை மலிவு என்பதற்காக நாமே கடையில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். அது டாக்டர் கையால் தரவேண்டிய மருந்து.

இன்னொரு விஷயம். கறுப்பாக, பெரிதாக, பார்க்கவே பயங்கரமாக இருக்கும் கருந்தேளைக் கண்டால் நாம் நடுங்குகிறோம். அது கொட்டினால் வலி இருக்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இராது. சின்னதாக, சிவந்த நிறத்தில், முன்னிடுக்கி மெலிந்து, வால் தடித்து இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயரில் 'டாமுலஸ்' என்று நம் தமிழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கொங்கணக் கரையிலும் அது ஏராளமாக இருக்கிறது.

மந்திரித்தால் குணமாகிறதே என்று கேட்பார்கள். கொட்டிய தேள்களில் பல ஆபத்தில்லாதவை. அவை கொட்டினால் சில மணி நேரத்தில் வலி தானாகவே குறையும். பெயர் மந்திரிப்பவருக்குப் போய்விடுகிறது. சிவப்புத் தேள் கொட்டியபோதும் அதையே நம்பிக் காத்திருந்தால் பிள்ளையை இழக்க நேரும். வியர்வை, வாந்தி, கைகால் ஜில்லிடுதல், மூச்சு வாங்குதல் என்று இவற்றில் எது தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான். சிறு குழந்தையானால் எதுவும் தெரியும் வரை காத்திருக்கவே வேண்டாம்.

தேளைத் தேடிப் பிடிக்க ஒரு வழி உண்டு. ரூபாய் நோட்டு நல்லதா கள்ளதா என்று பார்ப்பதற்குக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சம் பட்டால் இருட்டில் தேளின் உடம்பு பச்சையாக மின்னும். கையடக்க டார்ச்சாகவே அது கிடைக்கிறது. படுக்குமுன் ஒருமுறை சுவர் ஓரத்தில் அடித்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இப்போது அது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பயந்து அழுத அதே பெண்தான் டார்ச்சை யாருக்கும் தராமல் வைத்துக்கொள்கிறாள்.

தரையில் படுப்பதா?

மே மாதத்துப் புழுக்கத்தில் முற்றத்திலோ தார்சாவிலோ தரையில் படுப்பதைப் போன்ற சுகம் வேறில்லை. கொடை நடக்கும் நாளில் கோவில் திடலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுகிறோம். இதில்தான் கட்டுவிரியனின் ஆபத்து இருக்கிறது. அது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்தால் பெரிய வலியோ வீக்கமோ இராது. பல்பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள். கண் இமை தூக்க முடியாமல் தொங்கும், பேச்சு குழறும். ராத்திரி சாப்பிட்ட கறிச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும்.

2000 முதல் 2019 வரை இருபது வருஷங்களில் நம் நாட்டில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம் பேர். 2024-இல் மத்திய அரசு இந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க ஒரு திட்டம் அறிவித்தது. அதே வருஷம் தமிழக அரசு, பாம்புக்கடிகளை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல காரியங்கள்தான். ஆனால் விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிற குடும்பத்துக்கு உத்தரவால் என்ன பயன்? அதனால்தான் சொல்கிறேன், ஊரில் இறங்கிய முதல் நாளே பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா, இரவில் டாக்டர் உண்டா என்று விசாரித்து வையுங்கள். "இப்போதே எதற்கு அபசகுனமாக?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், ஊரார் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற நமக்கு மனு எழுதத் தெரியாதா?

அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. ஆகவே கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதில் பெரும் பங்கு, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. மும்பை பரேலில் நாம் தினமும் கடந்து போகும் ஹாஃப்கின் நிறுவனமும் இந்த மருந்தோடு நெடுங்காலத் தொடர்புள்ளது. நம் ஊர் இருளர் எடுத்துத் தந்த விஷம் நாட்டில் எங்கோ ஒரு விவசாயியின் உயிரைக் காக்கிறது என்று நினைத்தால் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்கு போன் செய்யவேண்டும். வண்டி வர நேரமானால் கிடைத்த வண்டியில் போகவேண்டும்.

இதற்கெல்லாம் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அது கொசுவலை. கட்டிலில் கட்டினாலும் சரி, தரையில் பாய் போட்டுக் கட்டினாலும் சரி, வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கொசு மட்டுமல்ல, கட்டுவிரியனும் தேளும் பூரானும் உள்ளே வராது. ஒரே செலவில் இத்தனை பாதுகாப்பு வேறு எதில் கிடைக்கும்? ஆனால் நம்மவருக்கு வலை என்றால் ஒரு இளப்பம். "காற்று வராது" என்பார்கள். காற்று கொஞ்சம் குறையும்தான், இல்லையென்று சொல்லவில்லை.

வலைக்குப் பதிலாகச் சுருள் வாங்கிக் கொளுத்துகிறோம். ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்றது. பீடி குடிக்கும் தாத்தாவைத் திண்ணைக்குத் துரத்திவிட்டு, பிள்ளைகள் படுக்கும் அறையில் இதைக் கொளுத்துகிறோம். வேப்பிலை, நொச்சிப் புகையும் புகைதான். மாலையில் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்டுவிட்டு, புகை போன பிறகு படுக்கலாம்.

நாம் கொண்டு போவது

இதுவரை ஊரில் இருப்பதைச் சொன்னேன். நாம் இங்கிருந்து கொண்டு போவதையும் சொல்லவேண்டாமா? முதலில் மூட்டைப்பூச்சி. மும்பை அறைகளில் மூட்டைப்பூச்சிக்குக் குறைவில்லை. நம் பெட்டியின் தையலிலும் படுக்கையின் மடிப்பிலும் அது ஊர் வரை டிக்கெட் இல்லாமல் வருகிறது. வழியில் ரயில் பெர்த்திலிருந்தும் நாலு ஏறிக்கொள்ளும். பெர்த்தில் பூச்சி கண்டால் 139-க்குப் புகார் செய்யலாம். செய்யவும் வேண்டும். ஆனால் பெட்டியை ஆச்சியின் கட்டில்மேல் கொண்டுபோய் வைப்பது யார்? பிள்ளைகள் திரும்பி வந்தபிறகு அந்தக் கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சியோடு மல்லுக்கட்டுவது ஆச்சிதான். ரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கக்கூடிய ஜந்து அது.

ஊரில் இறங்கியதும் பெட்டியை வீட்டுக்குள் கொண்டு போகாமல் முற்றத்து வெயிலில் வையுங்கள். துணிகளைக் கறுப்புப் பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி, நெல்லைச் சீமை மே மாத வெயிலில் பகல் முழுதும் போட்டு வையுங்கள். ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில் மூட்டைப்பூச்சி முட்டையோடு சாகும். கட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றும் பழைய வைத்தியமும் இதே கணக்குத்தான்.

வெயிலும் வெந்நீரும் இருக்க, மருந்தைத் தேடி ஓடுகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைப்பூச்சிக்கும் எலிக்கும் என்று அறைக்குள் வைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரக்காற்று பட்டால் அதிலிருந்து விஷவாயு வரும். தூக்கத்திலேயே குடும்பம் குடும்பமாகச் செத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். மூட்டைப்பூச்சி கடித்தால் அரிக்கும், தூக்கம் கெடும். அது எந்த நோயையும் பரப்புவதாகத் தெரியவில்லை. அதைக் கொல்ல மனிதர் உயிரைப் பணயம் வைப்பதா?

இரண்டாவது, காய்ச்சல். இந்த நகரத்தில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கட்டிட வேலை நடக்கும் இடங்களிலும் மலேரியாக் கொசு உற்பத்தியாகிறது. அது கடித்து இரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். அப்போது நாம் ஊரில் இருப்போம். தமிழ்நாட்டில் மலேரியா இப்போது மிகக் குறைந்துவிட்டது. அதனால் அங்கே டாக்டருக்கு அந்த நினைப்பே சட்டென்று வராமல் போகலாம். "நாங்கள் மும்பையிலிருந்து வந்திருக்கிறோம், ரத்தம் பார்க்கவேண்டும்" என்று நாமே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நமக்கும் கெடுதல், அங்குள்ள கொசு நம்மைக் கடித்து ஊராருக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் கெடுதல். ஒருகாலத்தில் வீடு வீடாக டி.டி.டி. தெளித்து, வருஷத்துக்கு ஒரு லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்குக் கொண்டுவந்த மலேரியா, கொஞ்சம் அசந்ததும் 1976-இல் 64 லட்சம் பேரைப் பிடித்தது. அதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, நாம் இங்கே விட்டுவிட்டுப் போகும் தண்ணீர். நம் பகுதிகளில் குழாய் வருவது சில மணி நேரம்தான். திரும்பி வரும்போது உபயோகமாக இருக்குமே என்று டிரம்மை நிரப்பி வைத்துவிட்டு ஒரு மாதம் பூட்டிக்கொண்டு போகிறோம். டெங்குக் கொசுவுக்கு வேண்டியது அதுதான். நல்ல தண்ணீரில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். பகலில் கடிக்கும் கொசு அது. அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது நாம் ஊரில் பதநீர் குடித்துக்கொண்டிருப்போம். புறப்படும் அன்று டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, கூரைமேல் போட்ட தார்ப்பாலின் பள்ளம் என்று எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். ஜூனில் மழை தொடங்கும்போது நாம் அநேகமாக ரயிலில் இருப்போம்.

நான் சொல்வதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். "வீட்டை முன்கூட்டியே திறந்து வையுங்கள்" என்று எழுதுவது சுலபம். திறப்பது யார்? அநேகமாக நாம் போனில் சொல்லுவோம், எழுபது வயதுத் தாயார் ஏணியில் ஏறி ஒட்டடை அடிப்பார். அதற்காக நான் இதை எழுதவில்லை. இரண்டு ஆளை வைத்து, நாள் கூலி கொடுத்து, அந்தப் பணத்தை நாம் முன்கூட்டியே அனுப்பவேண்டும். போகும்போது எடுத்துப் போகும் புடவையிலும் பிஸ்கட் டப்பாவிலும் ஒன்று குறைந்தால் போதும். தூரத்துச் சொந்தம்தானே, சும்மா செய்வார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

கதவு ஜன்னலை ஒரு வாரம் முன்பே திறந்து வெளிச்சம் படச் செய்யவேண்டும். பாயும் தலையணையும் வெயிலுக்கு வரவேண்டும். வாசல் பக்கத்து விறகு அடுக்கையும் பழைய ஓட்டுக் குவியலையும் வீட்டை விட்டுத் தள்ளி வைக்கவேண்டும். ஆனால் அதில் வெறும் கையை விடக் கூடாது, ஆளிடம் இதைச் சொல்லவேண்டும். முடிந்தால் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்துப் பூசி ஒரு கை சுண்ணாம்பு. தொட்டியைக் கழுவி மூடி போடவேண்டும். வீட்டையொட்டி நிற்கும் பனையில் கடந்தைக் கூடு இருக்கிறதா என்று பனையேறுகிறவரைக் கேட்கவேண்டும். பிள்ளைகள் கல்லெறியும் வயதில் இருந்தால் இது முக்கியம். பல கடந்தைகள் சேர்ந்து கொட்டினால் அதுவும் ஆஸ்பத்திரி விஷயம்தான்.

பிள்ளைகள் தலையில் பேன் ஏறித் திரும்புவதைப் பற்றியும் சிலர் குறைப்படுகிறார்கள். அத்தை மகளோடு ஒரே தலையணையில் படுத்துக் கதை பேசினால் பேன் ஏறத்தான் செய்யும். வந்தபிறகு இரண்டு வாரம் பேன்சீப்பு போட்டால் தீர்ந்தது. அதற்காகத் தனிப் படுக்கை போட்டுப் பிரித்து வைக்கவேண்டாம்.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் பணம் அனுப்பியாகிவிட்டது. சாவி யாரிடம் இருக்கிறது, பல்பு எரிகிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சிக்கு போன் செய்து கேட்கவேண்டும். கொசுவலை நாலு எடுத்துவைத்தாயிற்று. டார்ச்சுக்கு புது பேட்டரி வேண்டும் என்று சின்னவள் காலையிலிருந்து நச்சரிக்கிறாள்.